படர்க்கை இடம்

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு 'இடம்' என்ற சொல்லில் இரண்டு பொருள் கேட்கும். ஒன்று, நாம் நிற்கும் இடம். மற்றொன்று, பேச்சுக்குள் நாம் இருக்கும் இடம்: தன்மை, முன்னிலை, படர்க்கை. பேசுபவர் தன்மையில் இருக்கிறார், கேட்பவர் முன்னிலையில் இருக்கிறார். பேசப்படுபவர் மட்டும் படர்க்கையில் இருக்கிறார். அவரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அவர் வாய் திறக்கத் தேவையில்லை.

நிலத்தை அளப்பதும், ஆள் எங்கே இருக்கிறார் என்று எழுதி வைப்பதும் காவிரிப் படுகைக்குப் புதியவை அல்ல. கல்லில் எழுதினார்கள், ஓலையில் எழுதினார்கள், காகிதத்தில் எழுதினார்கள். இப்போது செயற்கைக்கோள் உதவியோடு கைப்பேசியில் எழுதுகிறார்கள். அரசுக்கு நிலமும் தெரிய வேண்டும், ஆளும் தெரிய வேண்டும். இந்த ஏடுகளில் பெண் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறாள் என்பதுதான் என் கேள்வி. கும்பகோணத்தில் தமிழ் கற்பிக்கும் ஒருத்தியின் கேள்வி என்பதால், கைப்பேசியிலிருந்து தொடங்காமல் கல்லிலிருந்து தொடங்குகிறேன்.

நானூறு முகவரிகள்

தஞ்சைப் பெரிய கோயிலில், வடக்குத் திருச்சுற்று மதிலின் வெளிப்புறத்தில், முதலாம் இராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆண்டு 1014. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து தஞ்சையில் குடியேற்றப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. கும்பகோணத்தை ஒட்டியிருக்கும் பழையாறையின் கோயில்களிலிருந்து போனவர்களும் அதில் இருக்கிறார்கள்.

பட்டியல் எழுதப்பட்ட முறையைப் பாருங்கள். எந்தத் தளிச்சேரி, அதில் தென்சிறகா வடசிறகா, அந்தச் சிறகில் தலைவீடா இரண்டாம் வீடா மூன்றாம் வீடா, அந்த வீட்டில் இருப்பவள் எந்த ஊரின் எந்தக் கோயிலைச் சேர்ந்தவள், அவள் பெயர் என்ன என்ற வரிசையில் நானூறு பேரும் வருகிறார்கள். இன்று அஞ்சல் துறை கேட்கும் விவரங்கள் அத்தனையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெண்களுக்காக எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் நூறு கலம் நெல் வரும் அளவுக்கான நிலவருவாய். ஆட்டம் பயிற்றிய நட்டுவனார்களுக்கு ஆளுக்கு இரண்டு பங்கு.

இந்தக் கல்வெட்டை இரண்டு விதமாக வாசித்து வந்திருக்கிறார்கள். ஒரு சாரார் இதைப் பெண்ணுக்குக் கிடைத்த மரியாதையாகப் பார்க்கிறார்கள். பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது, வருவாய் இருக்கிறது. கோயில் பெண்கள் தம் பொருளைத் தாமே கொடையளிக்கும் நிலையில் இருந்ததைக் கல்வெட்டுகளைக் கொண்டு லெஸ்லி ஓர் விரிவாக எழுதியிருக்கிறார். மறு சாரார் அரசன் ஒருவன் நானூறு பெண்களை இடம்பெயர்த்து வரிசையாகக் குடிவைத்த அதிகாரத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு வாசிப்பும் சரி என்றே நினைக்கிறேன். ஒரே வரியில் உரிமையும் இருக்கிறது, கட்டும் இருக்கிறது. பிற்காலத்துப் பதிவேடுகளில் இந்த இரண்டும் பிரிந்துவிட்டன. உரிமை ஒரு ஏட்டுக்குப் போனது, இருப்பிடம் வேறொரு ஏட்டுக்குப் போனது. பெண்ணின் பெயர் பெரும்பாலும் இரண்டாம் ஏட்டில் மட்டும் நின்றது.

கோல் அளந்ததும் விட்டதும்

அதே இராஜராஜன் காலத்தில், ஏறத்தாழ 1001இல், நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. அளவையை நடத்திய அதிகாரிக்கு 'உலகளந்தான்' என்று பட்டம் கிடைத்தது. மீண்டும் 1086இல் முதலாம் குலோத்துங்கன் அளந்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் 'டூம்ஸ்டே' ஏட்டை எழுதவைத்ததும் அதே ஆண்டில்தான். வரி வாங்க வேண்டுமானால் முதலில் அளக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஒரே கணக்கு.

சோழர் அளவையின் நுணுக்கத்தைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவோம். வேலி, மா, காணி, முந்திரிகை என்று இறங்கி, அதற்கும் கீழே பின்னத்தின் பின்னத்துக்குப் போகும் கணக்கு அது. ஆனால் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரியிலிருந்து நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலும் இருக்கிறது. ஊர்நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாளர் சேரி, சுடுகாடு. விளைச்சல் தராத நிலம் என்ற வகையில் இவை ஒன்றாக வருகின்றன. யார் எங்கே குடியிருக்கலாம், எங்கே எரியலாம் என்ற சாதியின் வரைபடமும் வரிக்கணக்கோடு சேர்ந்தே கல்லில் ஏறிவிட்டது.

சேரியில் குடியிருந்த பெண்தான் வயலில் நாற்றுப் பறித்தாள், நட்டாள், களையெடுத்தாள், கதிர் அறுத்தாள். அளந்த நிலத்தில் அவள் உழைப்பு இருந்தது. அளக்காமல் விட்ட நிலத்தில் அவள் குடிசை இருந்தது. அவள் பெயர் இரண்டிலும் இல்லை.

கயிறும் எண்ணும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரும் முக்கோண அளவை 1802இல் சென்னையில் தொடங்கியது. அதை நடத்திய வில்லியம் லாம்டன் தஞ்சைப் பகுதிக்கு வந்தபோது அவருக்கு ஒரு சிக்கல். குன்றுகளில் ஏறி நின்று கோணம் பார்ப்பதே அவர் முறை. இங்கோ குன்று கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை வயலும் தென்னையும்தான். கோயில்களே குன்றுகளாயின. 1808இல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் பல வாரம் உட்கார்ந்து தட்டிச் சரிசெய்தார். உலகளந்தவனின் கோயில் மீதே ஏறித்தான் அடுத்த அரசும் உலகளந்தது.

பின்னர் வடக்கே இந்த அளவை போன இடங்களில், உயரத்திலிருந்து தொலைநோக்கியால் பார்ப்பவர்கள் வீட்டுப் பெண்களையும் பார்க்கிறார்கள் என்று மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததை வரலாற்றாசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். அறியாமை என்று அதைச் சிரித்துக் கடந்தவர்கள் உண்டு. இன்று அந்த மக்களின் சந்தேகம் எனக்கு அறியாமையாகத் தெரியவில்லை. அளக்க வந்த கண் எங்கே நிற்கும் என்பதற்கு யாரிடமும் உத்தரவாதம் இல்லை.

முக்கோண அளவைக்குப் பிறகு ஊர் ஊராக நில அளவை வந்தது. வயலுக்குப் புல எண் வந்தது, மூலையில் சர்வே கல் வந்தது, கர்ணத்தின் கையில் புலப்படம் வந்தது. 1923இல் சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் வந்தது. பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல்தான் ஒழிந்தது. அதுவரை ஊரின் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற அறிவு, தலைமுறை தலைமுறையாக ஒரு சில ஆண்களின் பெட்டிக்குள் இருந்தது.

எங்கள் ஊரில் நடவுக்கு வரும் பெண்களுக்குப் புல எண் தெரியாது. அவர்களிடம் வேறொரு வரைபடம் இருந்தது. ஒவ்வொரு தாக்குக்கும் ஒரு பெயர். கோயில் மா, புங்கமரத்துத் தாக்கு, சேறு வாங்கி, பாம்பு மூலை. எந்தத் தாக்கில் கால் புதையும், எந்த வரப்பில் நண்டு வளை, எங்கே நின்றால் மறைவாக ஒதுங்கலாம் என்பதெல்லாம் அந்தப் பெயர்களுக்குள் இருந்தன. உடம்பால் அளந்த வரைபடம் அது. எந்த அலுவலகமும் அதைக் கேட்டு வாங்கவில்லை. நடவு எந்திரம் வந்த பிறகு அந்தப் பெயர்களைச் சொல்லும் ஆட்களும் குறைந்துவிட்டார்கள்.

பட்டாவில் யார் பெயர்

இன்று பட்டாவும் சிட்டாவும் புலப்படமும் கணினியில் கிடைக்கின்றன. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் தெரிந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கர்ணத்தின் பெட்டி திறந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் உள்ளே இருக்கும் பெயர்கள் பெரும்பாலும் பழைய பெயர்கள்தாம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பொறுப்பில் இருந்த கைப்பற்று நிலங்கள் நூற்றுக்குப் பதினான்குதான்.

தமிழ்நாட்டில் 1989இலேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் திருத்தம் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணமானவர்களுக்கு மட்டும் பங்கு இல்லை என்றது அது. நடுவண் அரசின் 2005 திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்தது: வேண்டியதில்லை, மகள் பிறப்பாலேயே பங்குதாரர். சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது. வீட்டில் விடுதலைப் பத்திரம் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. "தம்பிக்குத்தானே, ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா." கையெழுத்துப் போடாதவளுக்குப் பிறந்த வீட்டுப் பொங்கல் சீர் நின்றுபோகும் என்பதை நம் ஊரில் யாரும் விளக்க வேண்டியதில்லை.

பட்டாவில் பெயர் இல்லாததன் விலை இப்போது கூடியிருக்கிறது. 2019 முதல் உழவர்களுக்கு ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் தரும் திட்டம் நிலப் பதிவேட்டைப் பார்த்தே ஆளைத் தேர்கிறது. நட்டவள், அறுத்தவள், குத்தகைக்குப் பயிரிட்டவள் யாரும் அந்தத் திட்டத்தின் கண்ணில் உழவர் அல்லர். பதிவேடு கணினிக்குப் போகும்போது பழைய விடுபடலும் கூடவே போகிறது. முன்பு கர்ணத்திடமாவது போய்ச் சண்டை போடலாம். இப்போது 'சிஸ்டத்தில் இல்லை' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

மாற்றி எழுத முடியும் என்பதற்கு இதே மண்ணில் சான்று உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 தலித் உழைப்பாளிகள் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன்பின் இந்தப் பகுதிக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1981இல் கணவருடன் சேர்ந்து 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கினார். நிலவுடைமையாளர்களிடம் பேசி நிலத்தை வாங்கி, தலித் குடும்பங்களுக்கு ஏக்கர் ஏக்கராகப் பதிவு செய்தார்கள். பதிவு பெண்களின் பெயரில். சோழன் வரிக்கணக்கில் சேராத சேரியின் பெண், தன் புல எண்ணோடும் தன் பெயரோடும் ஏட்டுக்குள் வந்தாள். நில வரைபடம் பெண்ணுக்கு எதிரானதாகப் பிறந்துவிடவில்லை, அதில் யார் பெயரை எழுதுகிறோம் என்பதுதான் அதன் அரசியல் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

நாளுக்கு இரண்டு படம்

நிலத்தின் ஏட்டில் பெண்ணைத் தேட வேண்டியிருக்கிறது. ஆளின் இருப்பிடத்தைக் குறிக்கும் ஏட்டிலோ அவளே முதலில் வருகிறாள்.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்தில் எட்டுக்கும் மேல் பெண்கள். 2021 மே மாதம் நடுவண் அரசு இதற்கென ஒரு வருகைப்பதிவுச் செயலியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளங்களுக்கும், தனிநபர் பயனாளி வேலைகளைத் தவிர, அது கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் தன் கைப்பேசியில் நாளுக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படம் எடுக்க வேண்டும். படத்தோடு நேரமும் அட்சரேகை தீர்க்கரேகையும் பதிவாகும். படம் ஏறவில்லை என்றால் வருகை இல்லை. வருகை இல்லை என்றால் கூலி இல்லை.

ஊழலைத் தடுக்க என்று சொன்னார்கள். பொய்ப்பெயர்களில் கூலி போனது உண்மைதான், அதைத் தடுக்கவும் வேண்டும். ஆனால் போலிப் பட்டியல் எழுதியது வாய்க்கால் வெட்டிய பெண்கள் அல்லர். கருவியோ அவர்கள் முகத்துக்கு நேராக வந்து நிற்கிறது. ஒப்பந்தக்காரரின் பில்லுக்கும் அதிகாரியின் கையெழுத்துக்கும் நாளுக்கு இரண்டு படம் கிடையாது. 2023இல் பல மாநிலங்களிலிருந்து போன தொழிலாளர்கள் தில்லியில் நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டது இதைத்தான்.

கும்பகோணத்துக்கு வெளியே ஒரு வாய்க்கால் கரையில், காலை வேலையை முடித்துவிட்டு இரண்டாம் படத்துக்காக மரத்தடியில் காத்திருந்த அக்கா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "போட்டோ புடிக்கிறப்ப மட்டும் நாங்க ஆளு கண்ணு. கூலி வரலன்னு கேக்கப் போனா எங்கள யாருக்கும் தெரியாது" என்றார். இருப்பிடக் கண்காணிப்பைப் பற்றி நான் படித்த நூல்களில் இவ்வளவு சுருக்கமான விளக்கம் இல்லை. அரசுக்கு அவர் இருக்குமிடம் மீட்டர் கணக்கில் தெரியும். அவருக்கு, தன் கூலி எந்த மேசையில் நிற்கிறது என்று தெரியாது.

வேறு ஊர்களில் கருவி உடம்பிலேயே ஏறிவிட்டது. சண்டிகர், பஞ்ச்குலா போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் இடங்காட்டும் கடிகாரம் கட்டப்பட்டது. கழிப்பறைக்குப் போகும்போதும் அது தங்களைப் பார்க்கிறதோ என்று பயந்ததாகப் பெண் பணியாளர்கள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். எல்லாருடைய கையிலும் இந்தக் கடிகாரம் ஏறுவதில்லை. சாதியிலும் கூலியிலும் கீழே வைக்கப்பட்டவர்களின் கையில்தான் அது முதலில் ஏறுகிறது. என்னைப் போன்ற விரிவுரையாளர்கள் விரல்ரேகை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறோம். வகுப்புக்கு நடுவே தேநீர் குடிக்கப் போனால் எந்த வரைபடத்திலும் சிவப்புப் புள்ளி விழுவதில்லை.

கைப்பேசிக்குள் இற்செறிப்பு

இரண்டாவது வாசல் பாதுகாப்பு. 2018இல் தமிழ்நாடு காவல்துறை 'காவலன்' செயலியைக் கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தினால் நம் இருப்பிடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். 2019 முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இடங்காட்டியும் அவசரப் பொத்தானும் வேண்டும் என்ற விதி வந்தது. இவற்றை நான் எதிர்க்கவில்லை. ஆபத்தில் இருக்கும் பெண், தானே அழுத்தி, தானே தன் இடத்தைச் சொல்கிறாள். அது தன்மை இடம்.

வீட்டுக்குள் நடப்பது வேறு. வாட்ஸ்அப்பில் 2017 முதல் 'லைவ் லொகேஷன்' அனுப்பும் வசதி இருக்கிறது. என் வகுப்பில் பேருந்து ஏறியது முதல் திரும்பி இறங்கும் வரை அப்பாவுக்கோ அண்ணனுக்கோ அதை ஓடவிட்டிருக்கும் மாணவிகள் இருக்கிறார்கள். "நெட் தீந்துபோனா அதுக்கும் பதில் சொல்லணும் மேம்" என்றாள் ஒருத்தி. அவளுடைய அண்ணன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அந்தக் கேள்வி நகைச்சுவையாகக் கேட்கும் அளவுக்கு விடை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

சங்க அகப்பாடல் கற்பிக்கும்போது மூன்று சொற்களை நான் விளக்க வேண்டியிருக்கும். அம்பல், அலர், இற்செறிப்பு. ஒரு பெண்ணைப் பற்றி ஊர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், வெளிப்படையாகப் பேசுவது அலர். அது காதில் விழுந்ததும் அவளை வீட்டுக்குள் அடைப்பது இற்செறிப்பு. முன்பு இதைச் சொன்னால் பழங்காலத்துக் கதை கேட்பதுபோல உட்கார்ந்திருப்பார்கள். இப்போது விளக்கமே தேவைப்படுவதில்லை. பெண்ணைப் படிக்கவும் வேலைக்கும் அனுப்பிவிட்டு அவள் இருப்பிடத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்வது இற்செறிப்பின் புதிய வடிவம். வாசல் திறந்திருக்கிறது, செறிப்பும் தொடர்கிறது. சவூதி அரேபியாவில் பெண் நாட்டை விட்டு வெளியே போனால் ஆண் காப்பாளருக்குக் குறுஞ்செய்தி போன முறையை 2012இல் உலகமே வியந்து பேசியது. நம் வீடுகளில் அதற்கு அரசாணைகூடத் தேவைப்படவில்லை.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. சாதி மாறிக் காதலித்து வீட்டை விட்டுப் போன பெண் பதினெட்டு வயதைத் தாண்டியவளாக இருந்தாலும், 'பெண்ணைக் காணவில்லை' என்று ஒரு புகார் போதும். கைப்பேசி கோபுரத்தை வைத்து இடம் தேடத் தொடங்கிவிடுவார்கள். தேடும் கருவிக்கு அவள் தொலைந்தவளா, தப்பியவளா என்று தெரியாது. ஆணவக் கொலைகள் குறித்து 2018இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய இணையருக்குப் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும் என்றது. பாதுகாப்பு இல்லம் என்றால் யாருக்கும் தெரியாத இடம் என்றுதான் பொருள். அங்கே அவள் உயிரைக் காப்பது இருப்பிடத்தைக் காட்டாமல் இருக்கும் உரிமை.

நம் மரபில் இதற்கும் ஒரு விதி இருக்கிறது. அகத்திணையில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். தலைவி, தோழி, செவிலி என்றுதான் வருவார்கள். சுட்டினால் அது அகமாகாது. இதை இலக்கிய மரபாக மட்டும் கற்பித்து வந்திருக்கிறோம். ஒருவரின் அகம் சுட்டப்படாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு, 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொல்வதற்கு முன்பே, தமிழில் ஓர் இலக்கணம் இருந்தது.

இன்னொரு தீர்ப்பையும் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூலை 8 அன்று, பிராங்க் விட்டஸ் வழக்கில், பிணையில் வந்தவர் கூகுள் வரைபடத்தில் தன் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. பிணையில் வந்தவரின் ஒவ்வொரு அசைவையும் காவல்துறை தொடரும்படி நிபந்தனை விதிப்பது அவருடைய தனியுரிமையை மீறும் என்றது. போதைப்பொருள் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருக்கும் அந்த உரிமை, பேருந்தில் கல்லூரிக்கு வரும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வீட்டில் இல்லை. வாய்க்கால் வெட்டும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு வேலைத்தளத்தில் இல்லை. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வேலை தொடர்பான பயன்பாட்டுக்குத் தொழிலாளியின் ஒப்புதல் தேவையில்லை என்று முதலாளிக்கு வழிவிட்டிருக்கிறது.

தன்மைக்கு வருதல்

வரைபடமே வேண்டாம் என்று பெண்கள் சொல்ல முடியாது. நம் பங்குக்கு எல்லை வேண்டும், எல்லைக்குப் புலப்படம் வேண்டும். இருட்டான தெருவும் எங்காவது குறிக்கப்பட வேண்டும். எகிப்தில் 2010இல் தொடங்கிய 'ஹராஸ்மேப்' வரைபடத்தில், தாங்கள் சீண்டப்பட்ட இடங்களைப் பெண்களே குறித்தார்கள். தில்லியில் 2013இல் தொடங்கிய 'சேஃப்டிபின்' செயலியில் விளக்கில்லாத தெரு, நடைபாதையில்லாத சாலை, ஆளரவமற்ற பேருந்து நிறுத்தம் எல்லாம் குறிக்கப்பட்டன. இரண்டிலும் கருவியின் கண் பெண்ணைப் பார்க்கவில்லை. பெண் கருவியின் வழியாகத் தெருவைப் பார்த்தாள்.

எந்த வரைபடம் முன்னால் வந்தாலும் நான்கு கேள்விகள் கேட்கலாம் என்று என் மாணவிகளிடம் சொல்கிறேன். இதில் யார் யாரைப் பார்க்கிறார்? பார்க்கப்படுபவர் அதை நிறுத்த முடியுமா? பிழை இருந்தால் திருத்தச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா? இதே கருவி மேலே இருப்பவர்களின் பக்கமும் திரும்புமா?

இந்த விடுமுறையில் அவர்களுக்கு ஒரு வேலையும் கொடுத்திருக்கிறேன். உங்கள் குடும்ப நிலத்தின் பட்டாவை இணையத்தில் எடுத்து, அதிலுள்ள பெயர்களை எழுதுங்கள். நிலமே இல்லாத வீடு என்றால், உங்கள் அம்மாவும் பாட்டியும் வேலை செய்த வயல்களின் பட்டாவை எடுங்கள். பக்கத்தில், அந்த நிலத்தில் நட்ட, களையெடுத்த, அறுத்த பெண்களின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். வயல்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். சோழன் கல்வெட்டில் நானூறு பெயர் இருக்கிறது. ஒரு வகுப்பில் அறுபது பேர் இருக்கிறீர்கள். ஆளுக்குப் பத்துப் பெயர் கொண்டுவந்தால் அறுநூறு.